நீல ஜட்காவில் ஒரு மெம்பர்

ரங்கூனிலிருந்து பட்டணத்துக்கு வருகிறவர்கள் மியூசியம் பார்ப்பார்கள், கடற்கரையில் காற்று வாங்குவார்கள், ஆளுக்கொரு ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பக் கப்பலேறுவார்கள். நான் மேனாம்பேட்டு ஏரிக்கரையைப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்குக் காரணம் பக்கத்து வீட்டுக்கு வந்த கரும்பு.

ரங்கூனில் எனக்கு மரக்கடை. வெகு நாள் கழித்து இந்தப் பொங்கலுக்குத்தான் மயிலாப்பூரில் இருக்கும் என் தங்கை கமலா வீட்டுக்கு வர முடிந்தது. அவள் புருஷர் சபாபதி வக்கீல். போன தேர்தலில் பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்காக நின்று ஜெயித்துச் சட்டசபை மெம்பராகிவிட்டார். வெளியில் அவர் பெரிய மனிதர். எனக்குத் தங்கை புருஷர், அதாவது மாப்பிள்ளை. கேலி செய்ய எனக்குப் பூரண உரிமை உண்டு.

பொங்கலன்று காலையில் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கட்டை வண்டி வந்து நின்றது. அந்த வீட்டுக்காரரும் மெம்பர்தான், வேறு தொகுதிக்கு. வண்டி நிறையக் கரும்பு, பூசணிக்காய், மஞ்சள் கொத்து. எல்லாம் ஓட்டுப் போட்டவர்கள் அனுப்பியது. கமலா அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கலைப் பரிமாறும்போதுதான் திறந்தாள்.

"அவங்களுக்கு வண்டி வண்டியா வருது. நம்ம வீட்டுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வந்ததா? ஓட்டுக் கேட்டுட்டு வந்த பிறகு இவர் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்தாரான்னு கேளு அண்ணா."

"என் ஜனங்களுக்குக் குறை இல்லை. இருந்தா வந்து சொல்ல மாட்டாங்களா? வாசல் திறந்துதானே இருக்கு?" என்றார் மாப்பிள்ளை.

அந்தச் சமயத்தில் வாசலிலிருந்து, "வண்டி வேண்டாம், போ, போ!" என்று குமாஸ்தா வேதாசலத்தின் குரல் கேட்டது. வக்கீல் வீடு என்றால் சவாரி கிடைக்கும் என்று ஜட்காக்காரர்கள் வந்து நிற்பார்களாம். அவர்களை விரட்டுவது அவர் வேலைகளில் ஒன்று. நான் வந்ததிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு, மயிலாப்பூரில் காலை வேளையில் இப்படித்தான் சத்தம் போடுவார்கள் போலிருக்கிறது என்று பழகிவிட்டேன்.

கமலாவின் பேச்சு மாப்பிள்ளைக்கு உறைத்துவிட்டது. மோர் சாதத்தைப் பாதியில் விட்டு எழுந்து, "இன்றைக்கே தொகுதிக்குக் கிளம்புறேன். மச்சான், நீங்களும் வாங்க" என்றார். உண்ட மயக்கத்தில் இருந்த என்னைக் கைப்பிடியாக இழுத்துப்போய் மோட்டாரில் ஏற்றினார்.

மோட்டார் மதுரவாயல் வரைக்கும் மெம்பரின் மோட்டாராக ஓடியது. அதற்கப்புறம் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்து, "பட்டணத்துலேருந்து சாமான் வரணும்" என்றான். வழியில் போன ஒரு குடியானவர்தான் தம் மாடுகளை அவிழ்த்துக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னிக்கி கேட்டீங்க, குடுத்தேன். நாளைக்கி கேட்டிருந்தா சாமியே வந்தாலும் தரமாட்டேன்" என்றார் அவர். "மாட்டுப் பொங்கல் அன்னிக்கி எங்க பக்கம் மாட்டுக் கழுத்துல நுகத்தடி வெக்கமாட்டோம்."

இப்படியாக மாப்பிள்ளை தம் தொகுதிக்குள் மாட்டு மோட்டாரில் பிரவேசித்தார். கரையான்சாவடிக் கடைத்தெருவே எழுந்து நின்று பார்த்தது. எல்லாரும் மாட்டைப் பார்த்தார்கள், மோட்டாரைப் பார்த்தார்கள், மெம்பரை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒரு கடை ஓரம் இரண்டு பேர் உருதுவில் பேசிக்கொண்டார்கள். ரங்கூன் கடைத்தெருவில் பழகிய காதாகையால் எனக்குப் புரிந்தது. "யார் இந்தப் பருமனான ஆள்? வரி போட வந்தவனா?" என்று ஒருவர் கேட்டார். "வரி போட வருகிறவன் மோட்டார் நின்று போகாது" என்றார் மற்றவர்.

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. வெற்றிலை பாக்குக் கடைக்காரரிடம் போய், "நான்தான் உங்க மெம்பர்" என்றார். கடைக்காரர் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "வெளையாடாதீங்க சார். எங்க மெம்பரு நீல சால்வைக்காரரு. மீசை இத்தினி நீளத்துக்கு இருக்கும்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். இங்கே ஓட்டுச் சீட்டில் பேர் படித்துப் போடுகிறவர்கள் குறைவு என்று, தேர்தலில் நின்றவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வர்ணத்தில் பெட்டி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு நீலப் பெட்டி. ஞாபகம் இருக்கட்டும் என்று நீல சால்வை போர்த்திக்கொண்டு ஊர் ஊராக ஓடினார். இப்போது சால்வை கமலாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மீசை, கோட்டையில் துரைமார்களோடு டீ சாப்பிடும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று எடுபட்டுவிட்டது.

"இனிமேல் யார்கிட்டேயும் சொல்ல வேண்டாம் மச்சான். அந்தக் காலத்து ராஜாக்கள் மாறுவேஷத்தில் போன மாதிரிப் போய்ப் பார்ப்போம்" என்றார். வேஷம் போடாமலே மாறுவேஷம் கிடைத்த மனிதர் அவர் ஒருவர்தான்.

அன்று பூந்தமல்லியில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். மாப்பிள்ளை சைவம், வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். நான் கடைத்தெருவில் ஒரு ராவுத்தர் கடையில் ஆப்பமும் பாயாவும் சாப்பிட்டேன். ரங்கூனில் மீன் சாறில் சேமியாவைப் போட்டு மோஹிங்கா என்று தருவார்கள். அதைச் சாப்பிட்டவனுக்கு வேறெதுவும் பிடிக்காது என்பது பர்மாக்காரர்கள் கட்சி. பூந்தமல்லிப் பாயாவின் முன்னால் அந்தக் கட்சிக்கு டெபாசிட் போய்விடும்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். காலையில் வண்டி தேடிப் புறப்பட்டோம். மாட்டு வண்டிக்காரர்கள் எல்லாரும் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சாவடி அருகில் ஒரே ஒரு ஜட்கா மட்டும் நின்றது. கூண்டு நீலம், சக்கரம் நீலம், ஏர்க்கால் நீலம். ஓட்டுகிற பாயின் தலைப்பாகையும் நீலம். குதிரை ஒன்றுதான் பழுப்பு.

"குதிரைக்குப் பொங்கல் கிடையாது, ஏறுங்க" என்றார் பாய். மாப்பிள்ளை ஏறியதும் ஜட்கா பின்பக்கம் சாய்ந்து குதிரை கொஞ்சம் மேலே போயிற்று. "பின்பாரம் தாங்காது நைனா. பெரியவர் முன்னால வாங்க, என் முதுகோட சாஞ்சிக்குங்க." மெம்பர் முன்னால் நகர்ந்தார். வைக்கோல் மெத்தையில் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு கிளம்பினோம். ரங்கூன் டிராமில் இதைவிடத் தாராளமாக உட்காரலாம். ஆனால் டிராம்காரன் நம்மோடு பேசமாட்டான்.

"வண்டிக்கு ஏன் பாய் நீலம்?" என்று கேட்டேன்.

"எலெக்சன்ல அடிச்சதுங்க. நம்ம மெம்பரு வண்டி இது. பேசறவங்க எல்லாம் இது மேல ஏறி நின்னுதான் பேசுவாங்க. மஸ்தான் பாய் வண்டின்னா இங்க தெரியாத ஊடு கெடையாது."

"மெம்பரை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?" என்றேன்.

"தெரியுமாவா? நான் சொல்லாம அவருக்கு ஒரு காரியம் ஓடாது" என்றார் மஸ்தான் பாய், மெம்பரின் முதுகில் சாய்ந்தபடியே.

மாப்பிள்ளையின் காது சிவந்தது. நான் அவர் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளி, சும்மா இருக்கச் சொன்னேன். பாய் மேல் குற்றமில்லை. மோட்டாரில் நின்ற சால்வையையும் மீசையையும் அவர் பார்த்தது ஒரே ஒரு மாலை, அதுவும் ஊர்வலத்தின் முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டு. மற்ற நாளெல்லாம் அவர் வண்டியில் ஏறிப் பேசியவர்கள் மாப்பிள்ளையின் ஆட்கள்தான்.

"பாய், உங்க ஓட்டு நீலப் பெட்டிக்குத்தானே?"

"எனக்கு ஏதுங்க? எங்க முஸ்லிம் ஆளுங்களுக்குத் தொகுதியே வேற, பெட்டியும் வேற. அதுலயும் வரி கட்டறவங்களுக்குத்தான் ஓட்டு. வண்டி மட்டும்தான் நமக்கு நீலம்."

ஊரைத் தாண்டியதும் ஓர் ஆலமரத்தடியில் குதிரை தானாக நின்றது. நான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பாய் கடிவாளத்தை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார். குதிரை நடந்தது.

"எலெக்சன் பளக்கம்" என்றார் பாய். "கூட்டம் போட்ட எடத்துல எல்லாம் நின்னுடும். பேசி முடிச்சி ஜனங்க கை தட்டினாத்தான் நகரும். சவுக்கு, ஹை ஹை எல்லாம் மறந்துபோச்சி அதுக்கு. ஒரு எடத்துக்கு நாலு தடவை போச்சின்னா அப்புறம் அதும் பாட்டுக்கு வழி தெரிஞ்சி போய் நிக்கும்."

அதன்படி பருத்திப்பட்டுக்குள் வேப்பமரத்தடியில் நின்றோம், கோயில் முனையில் நின்றோம், கிணற்றடியில் நின்றோம். மாப்பிள்ளை மறந்துபோன இடங்களையெல்லாம் குதிரை ஒன்றுவிடாமல் நினைவு வைத்திருந்தது. நின்ற இடத்திலெல்லாம் ஜனங்களும் வந்தார்கள்.

"பாய், எங்க பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாரு இன்னா ஆச்சி?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"சொல்லிட்டேன். கோட்டையில பேசிகினு கீறாரு."

ஆவடி ஸ்டேஷன் பக்கத்தில் பூக்காரிகள் கூடையோடு சூழ்ந்துகொண்டார்கள். பட்டணத்துக்குப் போகிற காலை ரயில் நிற்கிற நேரத்தில் பாதிக் கூடைதான் ஏறுகிறதாம், மீதி பிளாட்பாரத்தில் வாடுகிறதாம்.

"சொல்லிட்டேன்மா. கூட கொஞ்ச நேரம் நிக்க வெக்கறேன்னு மெம்பரு வாக்கு குடுத்துக்கீறாரு."

"நல்லா இருக்கட்டும்" என்று அவர்கள் ஒரு பந்து மல்லிகையை வண்டிக்குள் போட்டார்கள். பருத்திப்பட்டுக்காரர் ஏற்கெனவே ஒரு கட்டுக் கரும்பை ஏற்றியிருந்தார். வழியில் பூசணிக்காய் ஒன்று சேர்ந்தது. எல்லாம் "மெம்பரு ஊட்ல குடுத்துடு பாய்" என்று சொல்லிக் கொடுத்தது. மெம்பர் கரும்புக் கட்டைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆவடிக்கு அப்பால் ஒரு கிளப்பில் இட்டிலி சாப்பிட இறங்கினோம். மாப்பிள்ளை பொருமித் தள்ளிவிட்டார். "பார்த்தீங்களா மச்சான்? என் பேரைச் சொல்லி இவன் கோட்டையையே எழுதிக் கொடுத்துடுவான். நான் இதில் ஒண்ணாவது கேட்டிருப்பேனா? அடுத்த ஊர் மேனாம்பேட்டில் எல்லார் முன்னாலேயும் வச்சு இவனை விசாரிக்கிறேன்." கோபத்தில் இட்டிலியைச் சட்னியில் தோய்க்காமலே தின்றார். எனக்குச் சிரிப்பாக இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் உண்டு என்றுதான் பட்டது.

மேனாம்பேட்டுக்கு வந்தபோது பிற்பகல். மாடுகள் குளித்து, மாலை போட்டு, சிவப்புக் கொம்பும் பச்சைக் கொம்புமாக நின்றன. ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. கரைக்கு இந்தப்புறம் நாற்றங்கால்கள் பசேல் என்றிருந்தன, அவற்றைச் சுற்றி நட வேண்டிய வயல்கள் வெடித்துக் கிடந்தன. எங்கள் பர்மாவில் வயலில் இருக்கிற தண்ணீரை வெளியே தள்ள வழி தேடுவார்கள். இங்கே கரைக்கு அந்தப்பக்கம் கடல் போலத் தண்ணீர், இந்தப்பக்கம் புழுதி.

ஜட்காவைக் கண்டதும் ஊர் கூடிவிட்டது. முன்னால் வந்தவள் அஞ்சலை. புருஷன் செத்த பிறகு தனியாக ஏர் பிடித்துப் பயிர் வைக்கிறவள்.

"பாய், தை பொறந்தா மதகு தொறந்துடும்னு சொன்னியே. தை பொறந்துடுச்சி. மெம்பரு இன்னா சொன்னாரு?"

"வந்துகினே இருக்காரு அஞ்சலை."

"எப்ப வருவாரு? உன் பேச்சை நம்பி வெதைநெல்லு அத்தினியும் நாத்து விட்டுட்டேன். கெணத்துத் தண்ணி நாத்துக்குத்தான் காணும், நடவுக்குக் காணாது. இன்னும் ரெண்டு மூணு நாளு போனா நாத்து முத்திடும். அப்புறம் அதை மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும். வருசத்துச் சோறு பாய் அது."

அவள் அழவில்லை, சத்தமும் போடவில்லை. அதுவரை வேடிக்கையாக இருந்த பயணம் அங்கே வேடிக்கையாக இல்லாமல் போயிற்று.

விஷயம் இதுதான். கரை ஓரமாகத் தண்ணீருக்குள் இரண்டு கல் தூண்கள் நிற்கின்றன, மேலே குறுக்கே ஒரு கல். அதன் அடியில் தண்ணீர் வெளியேறுகிற துளையை ஒரு கல் அடைத்திருக்கும். அதை ஒரு மரக்கழியால் தூக்கித் திறப்பார்கள். மழைக் காலத்தில் கழி முறிந்துவிட்டது, கல் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. மூழ்கிக் கயிறு கட்டி இழுத்தால் வந்துவிடும். ஆனால் ஏரி சர்க்காருடையது. உத்தரவில்லாமல் கை வைத்தால் கேஸ். முன்பு ஒருவர் கை வைத்துவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்த கதை ஊருக்கே தெரியும். அதனால் மெம்பர் மூலமாக உத்தரவு வரும் என்று காத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை கரும்புக் கட்டைத் தள்ளிவிட்டு இறங்கினார். "நான்தான் மெம்பர் சபாபதி. இந்த ஆள் சொல்வதெல்லாம் பொய். என்னிடம் மதகைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை."

யாரும் நம்பவில்லை. "சால்வை எங்க?" என்றார் ஒருவர். "மீசை எங்க?" என்றார் இன்னொருவர். மஸ்தான் பாய் மட்டும் அசையாமல் நின்றார். "கொரலு அவருதுதான்" என்றார் மெதுவாக.

கூட்டம் இப்போது பாய் பக்கம் திரும்பியது. அஞ்சலை கேட்டாள்: "அப்ப நீ சொல்லவே இல்லியா?"

"போனேன். அல்லா மேல ஆணையா மயிலாப்பூருக்குப் போனேன், எத்தினியோ தடவை போனேன். வாசல்ல நிக்கறதுக்குள்ள ஒருத்தரு வந்து, வண்டி வேணாம் போ போம்பாரு. சவாரிக்கு வரலீங்க, சேதி கீதுன்னு சொல்றதுக்குள்ள கதவைச் சாத்திடுவாரு. போன பொங்கலுக்கு நீங்க குடுத்த கரும்பும் அப்படித்தான் திரும்பி வந்துச்சி, குதிரைதான் தின்னுது. உங்க மூஞ்சியைப் பாத்து இல்லேன்னு சொல்ல வாய் வரலை. அடுத்த தடவை பாத்துடலாம், அடுத்த தடவை பாத்துடலாம்னு சொல்லிட்டேன்."

மாப்பிள்ளை வக்கீல் அல்லவா? "என் வீட்டுக்கு வந்தாய் என்பதற்குச் சாட்சி யார்?"

"கூட வந்தது இதுதாங்க" என்று பாய் குதிரையைக் காட்டினார்.

சிலர் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. எனக்கு வேதாசலத்தின் குரல் காதில் கேட்டது. ஆனால் மயிலாப்பூரில் எத்தனையோ ஜட்கா. எதைச் சொல்வது?

மாப்பிள்ளை வரப்பில் இறங்கி ஒரு நாற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கல்லை எடுங்க. யார் எடுத்ததுன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க" என்றார்.

"பேரைச் சொல்றோம். சொல்லிட்டு உங்களை எங்க தேடறது?" என்றாள் அஞ்சலை. "வண்டி வேணாம்னுடுவாங்களே. மொதக் கை நீங்க வெய்யுங்க. அப்புறம் நாங்க வெக்கறோம்."

"நீ எந்தப் பெட்டியில் ஓட்டுப் போட்டாய்?" என்று மாப்பிள்ளை கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

"எனக்கு ஏது ஓட்டு? நாத்துதான் கீது."

மாப்பிள்ளை ஜிப்பாவைக் கழற்றி என் தோளில் போட்டார். வேட்டியை வரிந்து கட்டினார். அவருக்கு நீச்சல் தெரியாது, கோயில் குளத்தில் கூட மேல் படியோடு நிற்கிறவர். மஸ்தான் பாய் குதிரையின் வாரைக் கழற்றி அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தம் கையில் சுற்றிக்கொண்டார். மெம்பர் மார்பளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டே போய், ஊரார் கொடுத்த வடக்கயிற்றைக் குறுக்குக் கல்லின் மேல் போட்டார். "வச்சாச்சு" என்று அங்கிருந்தே கத்தினார். அப்புறம் ஊர்க்காரர் ஒருவர் தொபீரென்று குதித்து, மூழ்கி, கல்லில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார்.

கரையில் நின்று எல்லாரும் இழுத்தோம். நானும்தான் இழுத்தேன். களிமண் கரை வழுக்கி ஒருவர் மேல் ஒருவர் விழுந்ததுதான் மிச்சம். மாடு கட்டினால் வந்துவிடும். ஆனால் மாட்டுப் பொங்கல்! கொம்பில் மாலையோடு நின்ற மாடுகள் எங்களை வேடிக்கை பார்த்தன. கட்டச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, கேட்டிருந்தாலும் தந்திருக்கமாட்டார்கள்.

"குதிரைக்குப் பொங்கல் கெடையாது" என்றார் மஸ்தான் பாய்.

வண்டியிலிருந்து அவிழ்த்து, கயிற்றைப் பூட்டினார். குதிரை அசையவில்லை. பாய் கை தட்டினார். காதை மட்டும் ஆட்டியது. நானும் தட்டினேன். ஒரு கால் எடுத்து வைத்தது, பாரம் தெரிந்ததும் நின்றுவிட்டது.

"எல்லாரும் தட்டுங்க" என்றார் பாய். "கூட்டத்துல தட்டினீங்களே, அந்த மாதிரி தட்டுங்க."

மேனாம்பேடே கை தட்டியது. பெண்கள் தட்டினார்கள், கிழவர்கள் தட்டினார்கள், தண்ணீருக்குள் நின்றபடி மெம்பர் தட்டினார். சோடா கூடக் குடிக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், அவ்வளவு கைதட்டல் வாங்கிய கூட்டம் வேறு எங்கும் நடந்திருக்காது. குதிரை கழுத்தை நீட்டி ஒரே மூச்சாக முன்னே போனது. கயிறு கிறீச்சிட்டது. கல் மேலே வந்தது. கரைக்கு இந்தப்பக்கம் முதலில் சேறும், பிறகு கலங்கலும், பிறகு வெள்ளமாகத் தண்ணீரும் வாய்க்காலில் பாய்ந்தன.

சத்தம் கேட்டுக் கிராம முன்சீப் ஓடி வந்தார். "யாரு கை வெச்சது?"

"நான்" என்றார் மாப்பிள்ளை, வேட்டியைப் பிழிந்துகொண்டே.

"நீங்க யாரு?"

அவர் வாயைத் திறப்பதற்குள், "மெம்பரு" என்று ஊரே சொன்னது. சால்வையை யாரும் கேட்கவில்லை. அவர் தம் பேரையும் மயிலாப்பூர் விலாசத்தையும் சொல்லி, "நோட்டீஸ் எனக்கு வரட்டும்" என்றார். முன்சீப் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

அன்று அஞ்சலை வீட்டில்தான் சாப்பாடு. மொச்சைக் குழம்பும் பூசணிக் கூட்டும். சைவ மெம்பர் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அஞ்சலை பரிமாறிவிட்டு வாய்க்காலைப் பார்க்க ஓடினாள், வந்து பரிமாறினாள், மறுபடி ஓடினாள்.

மறுநாள் காணும் பொங்கல். ஒருவரை ஒருவர் போய்ப் பார்க்கிற நாள். மோட்டாருக்குச் சாமான் இன்னும் வரவில்லை. மஸ்தான் பாயின் வண்டியிலேயே மயிலாப்பூருக்குக் கிளம்பினோம். மேனாம்பேட்டுக்காரர்கள் ஏற்றிய கரும்பில் எங்களுக்கு உட்கார இடம் குறைந்துவிட்டது.

வழியில் மாப்பிள்ளை என் காதோடு சொன்னார்: "ஆள் நல்லவன்தான் மச்சான். பள்ளிக்கூடம், ரயில் எல்லாம் நான் கேட்டே தீரணும், வேற வழி இல்லை. ஆனா நம்ம வீட்டுக்கு வந்தேன், வந்தேன்னு சொல்றான் பாருங்க, அது மட்டும் எனக்கு நம்பிக்கை வரலை. பயத்தில் சொன்னது."

மயிலாப்பூருக்குள் நுழைந்ததும், "பாய், வழி சொல்லட்டுமா?" என்று கேட்டார். பாய் பின்பக்கம் திரும்பி, சரிகிற கரும்புக் கட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், கேள்வி காதில் விழவில்லை. கடிவாளம் அவர் மடியில் கிடந்தது. குதிரை குளத்தைச் சுற்றி, கடைத்தெருவை விட்டு விலகி, இரண்டாவது சந்தில் திரும்பி, எங்கள் வீட்டு வாசலில் விளக்குக் கம்பத்தடியில் வந்து நின்றது. அங்கே யாரும் அதை நிறுத்தவில்லை. ஓட்டுக் கேட்ட கூட்டமும் அந்தத் தெருவில் நடந்ததில்லை.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மோட்டார் நுழைகிற பெரிய வாசற்கதவு கொஞ்சம் திறந்தது. வேதாசலத்தின் கை மட்டும் வெளியே வந்து ஆடியது. "வண்டி வேண்டாம், போப்பா, போ."

கதவு சாத்திக்கொண்டது.

மாப்பிள்ளை இறங்கவில்லை. கரும்புக்கு நடுவே அப்படியே உட்கார்ந்திருந்தார். "எப்பவும் இப்படித்தானா பாய்?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றார் மஸ்தான் பாய். "இன்னிக்கி கொஞ்சம் மரியாதையாத்தான் சொன்னாரு."

மாப்பிள்ளை கீழே இறங்கிப் போய்க் கதவின் இரண்டு பக்கத்தையும் தாமே தள்ளித் திறந்தார். வேதாசலம் வாயைப் பிளந்துகொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். மெம்பர் வாசலில் ஒதுங்கி நின்று கை தட்டினார். குதிரை கரும்போடும் பூசணியோடும், கமலாவின் காணும் பொங்கல் கோலத்தை மிதித்துக்கொண்டு உள்ளே போயிற்று.